வாய்க்கால் தண்ணீரும் வீட்டுக் காய்ச்சலும்: டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவே ஒரு கிராமத்துப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வாரம் ஒரு நாள் பள்ளிக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலுக்குக் கூட்டிப்போய், அந்தத் தண்ணீருக்கும் ஊரில் வரும் நோய்நொடிக்கும் என்ன சம்பந்தம் என்று தேட வைக்கிறேன். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள், பெற்றோர், கிராம சுகாதாரச் செவிலியர், பிள்ளைகள் என்று ஆளாளுக்குக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் மொத்தமாக இங்கே எழுதிவைக்கிறேன்.

இது அறிவியல் பாடமா, சுகாதாரப் பாடமா?

இரண்டும்தான். அறிவியல் புத்தகத்தில் ‘சூழ்நிலை மண்டலம்’ என்று ஒரு பாடம் வரும். புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து என்று உணவுச் சங்கிலி போட்டிருக்கும். அந்தப் படத்தில் மனுஷன் இருக்கமாட்டான். வேறொரு பாடத்தில் மலேரியா, டெங்கு, காலரா என்று நோய்ப் பட்டியல் இருக்கும். அதில் வயல் இருக்காது. பிள்ளைகள் இரண்டையும் மனப்பாடம் பண்ணி இரண்டிலும் மார்க் வாங்கிவிடுவார்கள். நடவுக்குப் போய்வந்த அம்மா பத்தாம் நாள் காய்ச்சலில் படுத்தாளே, அது எந்தப் பாடத்தில் வருகிறது என்று கேட்டால்தான் முழிப்பார்கள். நான் அந்தக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

‘ஒரே ஆரோக்கியம்’ என்று பேசுகிறார்களே, அதுதானா இது?

உறவுக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனிதர், கால்நடை, சூழல் மூன்றின் நலமும் ஒன்றோடு ஒன்று பின்னியது என்பது அதன் சாரம். உலக சுகாதார நிறுவனம், உணவு மற்றும் வேளாண்மை நிறுவனம், உலக கால்நடை நல அமைப்பு, ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் ஆகிய நான்கும் இப்போது சேர்ந்து அந்தப் பெயரில் வேலை செய்கின்றன. வகுப்பில் நான் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. பெயரை எழுதிப்போட்டால் உடனே ‘வரையறு’ என்று இரண்டு மார்க் கேள்வியாகிவிடும்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? எங்களுக்கு ஆய்வுக்கூடம்கூடக் கிடையாது.

ஒரு சார்ட் பேப்பரும் நடக்க இரண்டு காலும் போதும். முதல் இரண்டு வாரம் வரைபடம் மட்டும்தான். நம் வாய்க்கால் எந்த ஆற்றில் எந்த மதகில் பிரிகிறது, எந்த வயல்களுக்குப் பாய்கிறது, கடைசியில் எந்த வடிகாலில் போய் விழுகிறது என்று பிள்ளைகள் நடந்துபோய் வரைய வேண்டும். மேட்டூரில் ஜூன் 12 திறந்துவிட்டார்கள் என்று செய்தியில் கேட்பதும், கல்லணை தாண்டி வெண்ணாற்றில் வந்து நம் மதகில் நுரையோடு அது எட்டிப்பார்ப்பதும் ஒரே தண்ணீர் என்பதே சில பிள்ளைகளுக்குப் புதுச் செய்தி.

அப்புறம் அந்த வரைபடத்தில் ஆட்களை ஏற்ற வேண்டும். யார் எங்கே குளிக்கிறார்கள், மாடு எங்கே குளிப்பாட்டுகிறார்கள், கல்யாண மண்டபத்துக் கழிவு எங்கே வந்து சேர்கிறது, எந்த இடத்தில் வெங்காயத்தாமரை அடைத்துக் கிடக்கிறது, மருந்து அடித்த டேங்கை எங்கே கழுவுகிறார்கள், நாற்றுப் பறிக்கும் பெண்கள் எங்கே தண்ணீர் குடிக்கிறார்கள். தலைமடைப் பிள்ளையும் கடைமடைப் பிள்ளையும் ஒரே குழுவில் இருப்பது நல்லது. ஒருத்தி துணி துவைத்துவிட்ட தண்ணீர்தான் இன்னொருத்தி வீட்டுக் குளத்துக்கு வருகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். கொஞ்சம் சண்டையும் வரும், வரட்டும்.

மூன்றாவது வாரத்திலிருந்து நாங்கள் ‘கண்ணி சொல்லுதல்’ என்று ஒன்று வைத்திருக்கிறோம். ‘குப்பை போட்டால் நோய் வரும்’ என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்வதில்லை. என்ன குப்பை, அதில் என்ன வளர்கிறது, அது எப்படி ஆளிடம் வருகிறது, எந்த ஆளிடம், எந்த மாசத்தில் என்று ‘அதனால், அதனால்’ போட்டுச் சங்கிலி மாதிரி ஒவ்வொரு கண்ணியாகக் கோக்க வேண்டும். நடுவில் ஒரு கண்ணி தெரியாவிட்டால் அங்கே கேள்விக்குறி போட்டுவிட்டு, அதைத் தெரிந்த ஆளைத் தேடிப் போக வேண்டும். பாதி வகுப்பு இந்தக் கேள்விக்குறிகளில்தான் ஓடுகிறது.

ஒரு சங்கிலியை முழுசாகச் சொல்லிக் காட்டுங்களேன்.

எலிக்காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். டெல்டா பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல முதல் பாடம் கிடையாது.

சம்பாப் பயிர் நெருக்கமாக வளர்ந்து நிற்கிறது. வரப்பு அகலமாக இருந்தால் எலிக்குக் கொண்டாட்டம். வளை தோண்ட மண் கிடைக்கிறது, பக்கத்திலேயே சோறு. பயிர் கதிர் வாங்க வாங்க எலி பெருகும். எலியின் சிறுநீரில் லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா வெளியேறும். வெயிலில் காய்ந்த தரையில் அது சீக்கிரம் செத்துப்போகும். ஈரச் சேற்றிலும் தேங்கிய தண்ணீரிலும் வாரக்கணக்கில் பிழைத்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வளையெல்லாம் மூழ்கி, வயலும் வாய்க்காலும் தெருவும் ஒரே தண்ணீராகும்போது அது எங்கும் பரவுகிறது.

இதுவரை மனுஷன் வரவில்லை. அடுத்த கண்ணி எங்கள் வகுப்பில் பல நாள் கேள்விக்குறியாக இருந்தது. கிருமி தோல் வழியாக எப்படி உள்ளே போகும்? பதில் சொன்னது ஒரு மாணவியின் பாட்டி. நாற்பது வருஷம் நடவு நட்டவர். காலை நீட்டி விரலிடுக்கைக் காட்டினார்: சேற்றுப்புண். நாள் முழுக்கச் சேற்றில் ஊறி வெடித்த இடுக்கு. அந்த வெடிப்புதான் கிருமிக்கு வாசல். வாய், மூக்கு, கண் வழியாகவும் போகும் என்றாலும் நம் ஊரில் பெரிய கதவு சேற்றுப்புண்தான்.

அதன் பிறகு பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும் வலி, கண் சிவப்பு. முற்றினால் மஞ்சள்காமாலை, சிறுநீரகக் கோளாறு. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் சாதாரண ஆன்டிபயாட்டிக்கில் குணமாகும். ஆனால் இது மற்றக் காய்ச்சல் மாதிரியே இருப்பதால், ‘நான் வயல் வேலைக்குப் போகிறவள்’ என்று டாக்டரிடம் சொல்லாவிட்டால் அவருக்குச் சந்தேகம் வராமலே போகலாம். சங்கிலியின் கடைசிக் கண்ணி அந்த ஒரு வாக்கியம். அதை அம்மாவுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் அன்றைய வீட்டுப்பாடம்.

இப்போது பிள்ளைகளிடம் கேளுங்கள்: எந்தக் கண்ணியில் வெட்டலாம்? வரப்பைக் குறுக்கலாம். தஞ்சாவூர்க் கிட்டி வைக்கலாம். மூங்கிலில் வில் மாதிரி செய்யும் அந்தப் பொறி நம் பழைய தஞ்சாவூர் மாவட்டத்தின் பெயரோடு வெளியூர் விவசாயப் புத்தகங்களிலும் வருகிறது. வயலில் குச்சி நட்டு ஆந்தை உட்கார இடம் கொடுக்கலாம். சாரைப்பாம்பை அடிக்காமல் விடலாம். பூட்ஸ் போடலாம் என்று எல்லா வருஷமும் ஒரு பையன் சொல்வான். முழங்கால் சேற்றில் பூட்ஸ் போட்டுக்கொண்டு நாள் முழுக்கக் குனிந்து நடவு நட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பாட்டி சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

இன்னொன்று. எலியைத் தேடிப் பாம்பு வரும். சாரை மட்டும் வராது, கண்ணாடிவிரியனும் வரும். எலி குறைந்தால் பாம்புக்கடியும் குறையலாம். அதை நான் சொல்வதில்லை, யாராவது ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்கிறேன்.

மருதாணி, மஞ்சள் எல்லாம் நம் ஆட்கள் காலில் பூசுகிறார்களே, அதைச் சொல்லித்தரலாமா?

தாராளமாக. சேற்றுப்புண்ணுக்கு மருதாணி அரைத்துப் பூசுவது தோலைக் காக்கும் வழக்கம், அந்த அளவில் மதிக்கத் தக்கது. காய்ச்சல் வந்த பிறகு மருதாணி வேலைக்காகாது. அப்போது ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

இவ்வளவு நெல்வயல், இவ்வளவு கொசு. அப்படியானால் டெல்டாவில் மூளைக்காய்ச்சல் தலைவிரித்து ஆட வேண்டுமே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பாடப்புத்தகம் படித்தவர்கள்தான் கேட்பார்கள்.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது 1955இல், வேலூர்ப் பக்கம். கிருமி இருப்பது கொக்கு, மடையான், நாரை போன்ற நீர்ப்பறவைகளிடம். பன்றியின் உடலில் அது வேகமாகப் பெருகும். நெல்வயல் தண்ணீரில் முட்டையிடும் க்யூலெக்ஸ் வகைக் கொசு பறவையிடமோ பன்றியிடமோ கடித்துவிட்டு ஆளைக் கடித்தால் நோய். வயல், தண்ணீர், கொசு, கொக்கு நான்கும் நம்மிடம் ஏராளம். நியாயப்படி பார்த்தால் நாம்தான் முன்னணியில் இருக்க வேண்டும்.

ஆனால் தஞ்சை மாவட்டக் கிராமப் பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதித்து 2000இல் வெளியான ஓர் ஆய்வு, இவ்வளவு நெல் விளையும் இடத்தில் தொற்று குறைவாகவே இருப்பதைக் கண்டது. அவர்கள் சுட்டிக்காட்டிய காரணம் மாடு. இங்கே பன்றி மிகக் குறைவு, மாடு மிக அதிகம். அந்தக் கொசுவுக்கு மாட்டு ரத்தம்தான் இஷ்டம். மாட்டின் உடலில் இந்தக் கிருமி பெரிதாகப் பெருகாது. அங்கே போனால் முட்டுச்சந்து. தொழுவத்தில் நின்ற மாடுகள் யாருக்கும் தெரியாமல் பிள்ளைகளுக்கு வேலி கட்டிக்கொண்டிருந்திருக்கின்றன.

இதைச் சொன்னதும் வகுப்பே மாட்டுக்குக் கைதட்டும். அப்போதுதான் அடுத்த வேலையைக் கொடுப்பேன். உங்கள் தெருவில் தாத்தா காலத்தில் எத்தனை மாடு, இப்போது எத்தனை? டிராக்டரும் அறுவடை மெஷினும் வந்த பிறகு உழவுமாடு போயே போய்விட்டது. வேலி மெலிந்தால் என்ன ஆகும்? மாடு அதிகமானால் கொசுவுக்குத் தீனி அதிகமாகிக் கொசுவே பெருகாதா? இரண்டும் நியாயமான கேள்விகள்தான். பதில் ஊருக்கு ஊர் மாறும். இந்த இடத்தில் வகுப்பில் ஒரு தீர்ப்பைச் சொல்லி முடித்துவிடாதீர்கள்.

இந்த நோய்க்குத் தடுப்பூசி உண்டு. உங்கள் பகுதி அட்டவணையில் இருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியானால் கொக்குகளை விரட்டிவிடலாமா?

வேண்டாம். வடுவூர் ஏரியையும் உதயமார்த்தாண்டபுரத்தையும் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ‘ராம்சார்’ ஈரநிலங்களாக அறிவித்திருக்கிறார்கள். அங்கே வந்து தங்கும் பறவைகள் பகலெல்லாம் நம் வயலில் பூச்சியும் நத்தையும் பொறுக்குகின்றன. ஒரே கொக்கு ஒரு சங்கிலியில் நண்பன், இன்னொன்றில் கிருமி சுமப்பவன். ‘இயற்கை நல்லது’ என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை இந்த இடத்தில் குழம்பிப்போகும்.

வயலில் கொசுவைக் குறைக்க வழியே இல்லையா? தண்ணீர் இல்லாமல் நெல் விளையுமா?

காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் விவசாயிகள் சொல்வார்கள். தண்ணீரைக் கட்டியே வைக்காமல், வயலைக் காயவிட்டு, மண்ணில் லேசாக மயிர்க்கோடு வெடிப்பு தெரியும்போது திரும்பப் பாய்ச்சுவது. திருந்திய நெல் சாகுபடியில் இதைத்தான் சொல்கிறார்கள். தண்ணீர் மிச்சம், வேர் ஆழமாகப் போகும். கொசுப்புழு தண்ணீரில் வாழ்கிற ஜீவன். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். நடுவில் வயல் காய்ந்தால் அந்த ஈடு அவ்வளவுதான். வேம்பு கலந்த யூரியாவோடு இந்த நீர் நிர்வாகமும் சேர்ந்தால் நெல்வயல் கொசுப்புழு குறைகிறது என்று தென்னிந்திய வயல்களிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் ‘காய்ச்சல்’ வந்தால் இந்தக் காய்ச்சல் போகும் என்று ஒரு பையன் சொன்னான். அன்றைக்கு அவனுக்குத்தான் முதல் மார்க்.

சிக்கலும் இருக்கிறது. ஒருவர் மட்டும் காயவிட்டுப் பக்கத்து வயல் முழுக்கத் தண்ணீர் நின்றால் கொசு அங்கே போய் முட்டையிடும். ஊரே சேர்ந்து செய்ய வேண்டும். அதற்கு முறைத்தண்ணீர் ஒழுங்காக வர வேண்டும். ‘திரும்ப எப்போது வருமோ’ என்ற பயத்தில்தான் ஆட்கள் வயலில் தண்ணீரைக் கட்டி வைக்கிறார்கள். காவிரிப் பிரச்சினைக்கும் கொசுவுக்கும் இப்படி ஒரு சம்பந்தம் இருக்கிறது என்று நான் ஆசிரியர் வேலைக்கு வந்த புதிதில் நினைத்துப் பார்த்ததில்லை.

கும்பகோணம் என்றால் யானைக்கால் என்பார்களே, அதுவும் வயல் கொசுவா?

இல்லை. அது சாக்கடைக் கொசு. க்யூலெக்ஸ்தான், ஆனால் அழுக்குத் தண்ணீர், செப்டிக் டேங்க், அடைத்த வாய்க்கால் இதெல்லாம்தான் அதன் வீடு. ராத்திரியில் கடிக்கும். யானைக்காலை உண்டாக்கும் புழுவின் குஞ்சுகளும் ரத்தத்தில் ராத்திரியில்தான் மேலே வரும். அதனால்தான் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க முன்பெல்லாம் இரவில் வீடு வீடாக வருவார்கள். வயதானவர்களைக் கேட்டால் தூக்கக் கலக்கத்தில் விரலில் குத்திய கதை சொல்வார்கள்.

கும்பகோணத்தில் பிறந்த விவசாய விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனின் அப்பா சாம்பசிவன் அந்த ஊரில் அறுவைசிகிச்சை மருத்துவர். மருந்துச் சீட்டு எழுதுவதோடு நிற்காமல், ஊர் மக்களைத் திரட்டிக் கொசு உற்பத்தியாகும் இடங்களைச் சுத்தம் செய்ய வைத்தவர் அவர். சுவாமிநாதன் சின்ன வயதில் பார்த்த அதைப் பெரியவரான பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார். இன்றைக்கு ‘மக்கள் பங்கேற்பு’ என்று பயிற்சி முகாம்களில் ஸ்லைடு போட்டுக் காட்டுகிறார்களே, அது கும்பகோணம் தெருக்களில் சுமார் தொண்ணூறு வருஷம் முன்பே நடந்திருக்கிறது. யானைக்கால் அதோடு ஒழிந்துவிடவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து, ஊர் முழுக்க எல்லோருக்கும் வருஷம் ஒரு முறை அந்தப் புழுவுக்கான டி.இ.சி. மாத்திரை கொடுக்கும் முறை வந்த பிறகுதான் பெரிய அளவில் குறைந்தது. சாக்கடையும் வேண்டும், மாத்திரையும் வேண்டும்.

செய்முறைக்கு ஒன்று: செப்டிக் டேங்கின் காற்றுக்குழாய் வாயில் கொசுவலைத் துண்டு கட்டியிருக்கிறதா என்று தெருவில் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லாத வீட்டுக்குப் பிள்ளைகளே கட்டிவிடலாம்.

டெங்கு?

அது மூன்றாவது கொசு, ஏடிஸ். பகலில் கடிக்கும். வயலுக்கும் சாக்கடைக்கும் போகாது. வீட்டு டிரம், தொட்டி, தேங்காய்ச் சிரட்டை, டயரில் நிற்கும் நல்ல தண்ணீர் போதும். முட்டை காய்ந்துபோய் மாதக்கணக்கில் காத்திருக்கும். அதனால் டிரம்மைக் கவிழ்த்தால் போதாது, உள்பக்கம் தேய்த்துக் கழுவ வேண்டும்.

பூச்சிமருந்தைப் பற்றிப் பேசினால் விவசாயி அப்பாக்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்களா?

கோபித்துக்கொண்டார்கள். ‘எங்களைக் குற்றவாளி ஆக்குகிறீர்களா டீச்சர்’ என்று ஒருவர் பள்ளிக்கே வந்து கேட்டார். அவர் கேட்டது நியாயம். முதல் வருஷம் நான் பாடத்தை ஆரம்பித்த விதமே தப்பு: மருந்து விஷம், அடிப்பவர் பாவம் செய்கிறார் என்கிற தொனி வந்துவிட்டது. அந்த மருந்தை முதலில் முகர்வது அடிக்கும் அவர்தானே என்பது எனக்கு உறைக்கவில்லை.

இப்போது லேபிளிலிருந்து தொடங்குகிறேன். டப்பாவைப் பிள்ளைகள் தொடவே கூடாது. லேபிளின் படம் மட்டும் போதும். அதில் ஒரு கட்டத்தில் நிறம் போட்டிருக்கும்: சிவப்பு என்றால் மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், அப்புறம் நீலம், பச்சை. வீட்டுக்குப் போய் அந்த நிறத்தை விளக்கியதற்கே சில அப்பாக்கள் நன்றி சொன்னார்கள். கடைக்காரர் யாரும் இதைச் சொன்னதில்லையாம்.

அடுத்தது புகையான், நெல்லின் சாற்றை உறிஞ்சும் பூச்சி. மருந்து அடிக்க அடிக்கப் புகையான் ஏன் கூடுகிறது? அதைத் தின்னும் சிலந்தியும் மற்றப் பூச்சிகளும் முதலில் சாகின்றன, புகையான் முந்திக்கொண்டு திரும்ப வருகிறது. யூரியா அதிகம் போட்டால் இன்னும் செழிக்கும். இந்தோனேசியாவில் இதே கதை பெரிசாக நடந்து, 1986இல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளை அந்நாட்டு அரசு தடை செய்தது. அதைத் தொடர்ந்து அங்கே உருவானதுதான் உழவர் வயல்வெளிப் பள்ளி. விவசாயிகளே வாராவாரம் வயலில் இறங்கி, எத்தனை நல்ல பூச்சி, எத்தனை கெட்ட பூச்சி என்று எண்ணிப் படம் வரைந்து முடிவெடுப்பது. நம் வேளாண் துறையும் அந்தப் பெயரில் நடத்துகிறது. என் வகுப்பு முறை பாதி அங்கிருந்து திருடியது.

கோபித்துக்கொண்டு வந்தவரைத்தான் மறு வருஷம் வகுப்புக்கு வந்து பூச்சி காட்டச் சொன்னேன். வந்தார். என்னைவிட நன்றாக நடத்தினார்.

எல்லாமே நோயாகவே இருக்கிறதே. நல்லது ஒன்றும் கிடையாதா?

இருக்கிறது. நான் இந்தப் பகுதியைத் தாமதமாகச் சேர்த்தது என் தவறு. பிள்ளைகள் வாய்க்காலைப் பார்த்தாலே முகம் சுளிக்க ஆரம்பித்த பிறகுதான் புத்தி வந்தது.

ஆரைக்கீரை, பொன்னாங்கண்ணி, கரிசலாங்கண்ணி, வல்லாரை எல்லாம் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் காசில்லாமல் கிடைத்தவை. களை எடுக்கப் போன பெண்கள் மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள். களைக்கொல்லி வந்த வயலில் களையோடு கீரையும் போயிற்று, களை எடுப்புக் கூலியும் போயிற்று. மழைக்காலத்து வயல் நண்டு ரசம், நத்தை, கெளுத்தி, விரால் இவையெல்லாம் கூலிவேலை செய்யும் வீடுகளுக்குப் புரதம். சம்பா அறுவடைக்கு வாரம் பத்து நாள் முன்னால் அந்த ஈரத்திலேயே உளுந்தும் பயறும் தெளிப்பது டெல்டாவின் வழக்கம். தண்ணீர் பாய்ச்சாமல், மிச்ச ஈரத்தில் பனி குடித்தே விளைந்துவிடும், மண்ணுக்கும் தழைச்சத்து. அறுவடை மெஷின் சக்கரம் அந்த முளையை நசுக்குகிறது என்று பெரியவர்கள் குறைப்படுகிறார்கள்.

ஒரு நாள் பாட்டிகளை அழைத்துக் கீரை அடையாளம் காட்டச் சொல்லுங்கள். எந்தக் கீரையை எந்த வாய்க்காலில் பறிக்கக் கூடாது என்றும் அவர்களே சொல்வார்கள். திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் மீட்டுக்கொடுத்த பாரம்பரிய நெல்களின் பேச்சும் அப்போது தானாக வரும். மாப்பிள்ளைச் சம்பா சர்க்கரையைக் குணப்படுத்தும் என்று யாராவது சொன்னால் மட்டும் கொஞ்சம் நிறுத்துங்கள். நல்ல அரிசி என்பது வேறு, மருந்து என்பது வேறு.

நாங்கள் கடலோரம். எங்களுக்கு வாய்க்காலைவிட உப்புதான் பிரச்சினை.

அப்படியானால் உங்கள் சங்கிலி கடலில் தொடங்க வேண்டும். ஆற்றில் நல்ல தண்ணீர் குறையக் குறையக் கடல் நிலத்துக்கடியில் உள்ளே வருகிறது. போர் போட்டு உறிஞ்சினால் இன்னும் வேகமாக. அடிபம்பு கரிக்கிறது. வங்கதேசக் கடலோரத்தில் உப்பேறிய குடிநீருக்கும் கர்ப்பிணிகளின் ரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் பக்கம் கிராமச் செவிலியரிடம் கேட்க இது நல்ல கேள்வி.

இறால் பண்ணை விஷயம் நாகை, திருவாரூர்க் கடலோரத்தில் எல்லோருக்கும் தெரியும். குடிநீரும் வயலும் உப்பாகிறது என்று காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பெரிய பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் நடத்துங்கள். சூழல் கெட்டால் எல்லோருக்கும் ஒரே அளவில் கெடுவதில்லை. இறால் விற்ற காசு ஒரு வீட்டுக்கும், குடம் தூக்கி மூன்று கிலோமீட்டர் நடக்கும் வேலை வேறு வீட்டுக்கும் போகும். அந்தக் குடத்தை யார் தூக்குகிறார்கள் என்றும் கேளுங்கள்.

முத்துப்பேட்டை அலையாத்திக் காடு பக்கத்தில் இருந்தால் ஒரு நாள் படகில் கூட்டிப்போங்கள். பாமணி ஆறும் கோரையாறும் அங்கேதான் கடலைத் தொடுகின்றன. 2004 சுனாமியையும் 2018 நவம்பர் 16 கஜா புயலையும் கண்டவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். மரத்தைப் பற்றி அவர்களிடம் கேட்க நிறைய இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: சுனாமியில் ஆளைப் பறிகொடுத்த வீட்டுப் பிள்ளை வகுப்பில் இருக்கலாம். அவர்களாகப் பேசினால் ஒழியத் தூண்டித்துருவ வேண்டாம்.

பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்குவது ஆபத்தில்லையா?

ஆபத்துதான். என் விதிகள்: பெற்றோர் கையெழுத்து இல்லாமல் யாரும் வரக்கூடாது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் இருந்தால் இறங்கக் கூடாது. ஆற்றுக்குப் போவதே இல்லை, கொள்ளிடம் பக்கத்துப் பள்ளிகள் மணல் அள்ளிய பள்ளங்களை நினைத்துப் பார்க்கவும். காலில் புண் உள்ள பிள்ளை கரையில் உட்கார்ந்து எழுதும். மருந்து அடித்த வாரம் அந்த வயல் பக்கமே போவதில்லை. திரும்பியதும் சோப்புப் போட்டுக் கைகால் கழுவ வேண்டும். முன்னால் ஒருவர் தடியைத் தட்டிக்கொண்டு நடக்க வேண்டும்.

தண்ணீர் நன்றாக இருக்கிறதா என்று சோதிக்கக் கருவி வேண்டாமா?

டீ வடிகட்டி, வெள்ளைத் தட்டு. கரையோரக் கொடிகளுக்குள் வடிகட்டியைத் துழாவித் தட்டில் கொட்டினால் குட்டி உலகமே நெளியும். ஓடும் நல்ல தண்ணீரில் வால் மூன்றாகப் பிரிந்த சிறு பூச்சிகள் கிடைக்கும். கழிவு கலந்த இடத்தில் சிவப்பு நூல் மாதிரி புழுக்கள்தான் மிஞ்சும். தட்டான் குஞ்சு கொசுப்புழுவைப் பிடித்துத் தின்பதை ஒரு தடவை தட்டில் பார்த்துவிட்டால், அதன் பிறகு யாரும் தட்டான் வாலில் நூல் கட்டமாட்டார்கள். பெரும்பாலும்.

ஊரில் யாருக்கு என்ன நோய் என்று பிள்ளைகள் கணக்கெடுக்கலாமா?

பெயர் எழுதக் கூடாது. ‘இந்தத் தெருவில் கார்த்திகையில் எத்தனை வீட்டில் காய்ச்சல்’ என்பது போதும். காசநோய், கர்ப்பம், தற்கொலை முயற்சி போன்றவை பிள்ளைகள் கேட்கும் விஷயங்களே அல்ல. ஒரு வருஷம் ஒரு குழு ‘எலிக்காய்ச்சல் வந்த வீடு’ என்று வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைத்துச் சுவரில் ஒட்டிவிட்டது. அந்த வீட்டுப் பெண்ணை இரண்டு வாரம் நடவுக்குக் கூப்பிடவில்லை. அன்றே கிழித்தேன், ஆனால் கூலி போனது போனதுதான்.

மார்க் எப்படிப் போடுவது?

கண்ணிகளுக்குப் போடுகிறேன். ஒரு கண்ணியை நேரில் பார்த்ததா, கேட்டதா, படித்ததா என்று பக்கத்தில் எழுத வேண்டும். ‘தெரியவில்லை’ என்று நேர்மையாகப் போட்ட கேள்விக்குறிக்கும் ஒரு மார்க் உண்டு. தலைமையாசிரியருக்குச் சமாதானம் சொல்ல, சுற்றுச்சூழல் மன்றத்தின் கணக்கில் காட்டிக்கொள்ளலாம்.

ஆறு திறக்காத வருஷம் காய்ச்சல் குறையுமா டீச்சர்?

போன வருஷம் எட்டாம் வகுப்புப் பையன் கேட்டது. பதில் சொல்லாமல் கரும்பலகையில் இரண்டு பத்தி போட்டேன். வயல் காய்ந்தால் வயல் கொசு குறையும், எலியும் குறையும், சேற்றுப்புண் வராது: இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தைப் பிள்ளைகளே நிரப்பினார்கள். நடவு இல்லை, கூலி இல்லை, வீட்டில் ஒரு வேளைச் சோறு குறையும். அப்பா திருப்பூருக்குப் போய்விடுவார். குளம் வற்றும். குழாயில் வாரம் ஒரு தடவை தண்ணீர், அதைப் பிடித்துவைக்க டிரம். 2016இல் மழை பொய்த்ததையும், 2017இல் தமிழ்நாடு முழுக்க டெங்கு பெரிதாக வந்ததையும் நான் சேர்த்து எழுதினேன். இரண்டுக்கும் நடுவே கோடு போடவில்லை, கேள்விக்குறிதான் போட்டேன்.

அந்த வருஷம் உங்கள் வீட்டில் எத்தனை டிரம் இருந்தது என்று அப்பாயியைக் கேட்டு வா என்று அவனை அனுப்பினேன். மறுநாள் வந்து ஏழு என்றான். மூடி எத்தனைக்கு இருந்தது என்று கேட்டேன். திரும்ப ஓடினான்.